எனக்கு அக்கா கிடையாது

பிப்ரவரி 9

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நானும் தம்பி குண்டூசியும் நன்றாக இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வேலை செய்கிற வீட்டுப் பெரியவரைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டினால் வலி எங்கே போகும் என்பீர்கள். கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன்.

அம்மா போய் இன்றோடு அறுபத்திரண்டு நாள். நீங்கள் வர முடியாமல் போனதை நான் ஒன்றும் நினைக்கவில்லை. குண்டூசிதான் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் விட்டுவிட்டான். அவனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவைக் கழற்றி வைத்த வீடு மாதிரி இருக்கிறான். உடம்பு மட்டும் பேருக்கு ஏற்ற மாதிரி அப்படியே இருக்கிறது.

சலவைக் கூடத்தில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். லாட்ஜ்களின் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். நான் மடிக்கும் பிரிவு. எங்கள் மேற்பார்வைக்காரிக்குக் கஞ்சி அக்கா என்று பேர் வைத்திருக்கிறோம். கழுத்தை மட்டும் திருப்பவே மாட்டாள், முழு உடம்போடுதான் திரும்புவாள்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது நல்ல இடவசதி. பெரிய பெரிய ஜன்னல். விளக்கை அணைக்கிற வேலையே இல்லை. அக்கம்பக்கத்தில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு, பயமில்லை. கடிதத்தை மட்டும் இனிமேல் சலவைக் கூடத்து விலாசத்துக்குப் போடுங்கள். வீட்டுக்குப் போட்டால் கைக்கு வந்து சேர்வதில்லை.

ஆறு மாதத்தில் எங்களை அங்கே கூப்பிட்டுக்கொள்வதாக அம்மாவிடம் சொல்லியிருந்தீர்கள். ஞாபகப்படுத்த எழுதவில்லை. சும்மா எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பெரியவள்


பிப்ரவரி 27

கண்ணு, என் பெரியவளுக்கு,

சித்தி நல்லா இருக்கேன். இடுப்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதோடுதான் இருக்கிறது. இரண்டுக்கும் நல்ல பொருத்தம்.

இந்த வீட்டில் ஒன்பது அறை, மூன்றே ஆள். பெரியவர், அவர் மகள், நான். மகளைத்தான் நான் வீட்டம்மா என்கிறேன். பெரியவருக்கு இப்போது என் முகம் மட்டும்தான் தெரிகிறது. பெற்ற மகள் வந்து நின்றால் "யாரும்மா நீ, எந்தத் தெரு?" என்கிறார். அந்தக் கோபத்தை அவள் என் மேல் காட்டுகிறாள். யார் கோபத்தையும் வாங்கிப் போட்டுக்கொள்ளத்தானே ஆள் வைப்பது.

நீயும் எனக்கு இந்த வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கடித உறையில் இருக்கிற மருந்துக்கடை விலாசத்துக்கே எழுது. பெரியவருக்கு மாத்திரை வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்வேன். போனும் பண்ணிவிடாதே. அது ஹாலில் இருக்கிறது, பேசினால் ஒன்பது அறைக்கும் கேட்கும்.

நீ ஏனடி சலவைக் கூடத்துக்கு எழுதச் சொல்கிறாய்? வீட்டுக்காரன் தொல்லை ஏதாவது உண்டா? குண்டூசி பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறானா? அவன் காலை ஒரு காகிதத்தில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு. இங்கே நல்ல ஷூ கிடைக்கிறது. அளவு தெரியாமல் வாங்கினால் உனக்கும் ஆகாது அவனுக்கும் ஆகாது.

கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம் பொறு.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தி


மார்ச் 18

அன்புள்ள சித்திக்கு,

இங்கே இருவரும் சுகம். அங்கே பெரியவருக்கு உங்கள் முகமாவது ஞாபகம் இருப்பதில் சந்தோஷம்.

குண்டூசியின் கால் இத்துடன் இருக்கிறது. வரையும்போது கூச்சத்தில் காலை இழுத்துவிட்டான், அதனால்தான் சுண்டுவிரல் ஆறாவது விரல் மாதிரி போய்விட்டது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வளர்கிற கால், ஒரு விரல் அளவு பெரிதாகவே வாங்குங்கள்.

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டீர்கள். நன்றாகப் படிக்கிறான். நான் சொல்லிக்கொடுப்பதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிக்கிறான்.

வேலை மணி அடித்துவிட்டது. நிறுத்துகிறேன்.

பெரியவள்


மார்ச் 30

பெரியவளே,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. காலை வரைந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது ஆஸ்பத்திரிச் சீட்டு. குண்டூசி பேர் போட்டு, வயது ஏழு, காது வலி என்று எழுதியிருக்கிறது. தேதி மார்ச் 16. ஓரத்தில் "வார்டு 4" என்று யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். அது அக்கா கிடந்த வார்டு இல்லையா?

யாருக்கு உடம்பு சரியில்லை? பிள்ளைக்கு என்ன? என்னிடம் மறைத்தால் நான் உன் சித்தி இல்லை. உடனே எழுது. எழுதும்போது உண்மையை எழுது. உங்கம்மா மாதிரி "ஒண்ணுமில்ல, லேசான இருமல்" என்று எழுதாதே.

சித்தி


ஏப்ரல் 14

அன்புள்ள சித்திக்கு,

குண்டூசிக்கு ஒரு நோயும் இல்லை. அதை முதலில் நம்புங்கள். எனக்கும் இல்லை.

எங்களுக்கு வீடு இல்லை. அம்மா போன ஒன்பதாம் நாள் வீட்டுக்காரர் வந்தார். "பெரியவங்க இல்லாத வீட்டுல சின்னஞ்சிறுசுகளை வச்சிருந்தா நாளைக்கு எனக்குத்தான்மா கெட்ட பேரு" என்றார். அவர் பேர் கெட்டுவிடக் கூடாது என்று எங்கள் சாமான்களைத் தெருவில் வைத்தார். நான் வேலைக்குப் போய் வருவதற்குள் மழை பெய்து, பாதியை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். சான்றிதழ், கார்டு எல்லாம் வைத்திருந்த தோல்பையும் அதில் போயிற்று.

நான் எழுதிய பெரிய ஜன்னல் பஸ் நிலையத்தின் ஜன்னல். விளக்கு அணைக்காதது அங்கேதான். இரவு அங்கே, பகலில் நான் சலவைக் கூடம், அவன் ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். பழைய தெருப்பக்கம் போனால் யாராவது காப்பகத்தில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஏன் ஆஸ்பத்திரி என்றால், இந்த ஊரில் ஒரு பிள்ளை காசு கொடுக்காமல், விரட்டப்படாமல், கூரைக்குக் கீழே ஒரு பகல் முழுக்க உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான். புறநோயாளிச் சீட்டு ஒன்று கையில் இருந்தால் போதும், யாரும் எழுப்ப மாட்டார்கள். காலையில் வரிசையில் நின்று அவன் பேருக்கு ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். திங்கள் வயிற்று வலி, செவ்வாய் காது வலி, புதன் பல் வலி. இதுவரை அவனுக்கு வராத நோய் கிடையாது. டாக்டர் கூப்பிட்டால் மட்டும் கழிப்பறைக்குப் போய்விட வேண்டும். அது அவனுக்குத் தெரியும்.

அவனுக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யார் கேட்டாலும், "அம்மா நாலாம் வார்டுல இருக்காங்க, இப்ப வந்துடுவாங்க." அழக் கூடாது. மூன்றாவது, "எனக்கு அக்கா கிடையாது." இது ஏன் என்று கேட்பீர்கள். பஸ் நிலையத்தில் ஒரு அண்ணன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணனை ஒரு ஊருக்கும் தம்பியை ஒரு ஊருக்கும் அனுப்பினார்கள். அண்ணன் தப்பித்து வந்தான், தம்பி எந்த ஊர் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. இரண்டு பேர் என்று தெரிந்தால் இரண்டு இடத்தில் போடுவார்கள் சித்தி. ஒருத்தன் மாட்டினாலும் இன்னொருத்தி வெளியே இருந்தால்தான் மீட்க முடியும்.

அவனுக்குப் பரீட்சையும் வைப்பேன். அதிகாரி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு, "தம்பி, பயப்படாத, உங்க அக்காவே சொல்லச் சொல்லிட்டா" என்பேன். முதல் தடவை நம்பி உளறிவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவனோடு பேசவில்லை. இரண்டாம் தடவை உளறவில்லை. மூன்றாம் தடவை என் சொந்தக் குரலிலேயே, "போதும்டா, இப்ப நிஜத்தைச் சொல்லலாம்" என்றேன். அப்போதும் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரு? எனக்கு அக்கா கிடையாது" என்றான். பெருமையாக இருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பதறி ஓடி வர வேண்டாம். உங்கள் அறையில் இரண்டு பேர் படுக்க இடம் இருக்குமா என்று மட்டும் எழுதுங்கள். குண்டூசியை அரை ஆளாகத்தான் கணக்கு வைக்க வேண்டும்.

பெரியவள்


ஜூன் 3

என் கண்ணுக்கு,

உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இது. பதில் எழுத ஒன்றரை மாதம் ஆனதற்கு என்னைத் திட்டிக்கொள். எழுதுவேன், கிழிப்பேன்.

நீ உண்மையைச் சொன்னாய். நானும் சொல்கிறேன். இந்த வேலைக்கு ஆள் கேட்டபோது "குடும்பப் பொறுப்பு எதுவும் இல்லாத பெண்" என்று கேட்டார்கள். நான், "எனக்கு யாரும் இல்லைங்க, அக்கா தங்கச்சி கூடக் கிடையாது" என்றேன். வாயில் இருந்து சுலபமாகத்தான் வந்தது. பிறகு அக்கா செத்த தகவல் மருந்துக்கடைக்கு வந்தது. இல்லாத அக்காவுக்கு எப்படி லீவு கேட்பது? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். "தண்ணியை ஏன் இப்படி வீணாக்குற?" என்று வீட்டம்மா கதவைத் தட்டினாள். அவ்வளவுதான் உங்கம்மாவுக்கு நான் செய்த மரியாதை.

என் அறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் மேலே ஐந்து அறை பூட்டியே கிடக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். எப்படிக் கேட்பது என்றுதான் யோசிக்கிறேன். இல்லை என்று சொன்ன உறவை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஷூ தனிப் பார்சலில் வருகிறது. நீலம். ஆறாவது விரலுக்கும் இடம் விட்டு வாங்கியிருக்கிறேன்.

பிள்ளையைக் காப்பகத்தில் மட்டும் விட்டுவிடாதே. ஜூன் கழியட்டும்.

சித்தி


ஜூன் 21

சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இப்போது உங்களை விட்டால் ஆள் இல்லை.

குண்டூசியைக் கொண்டுபோய்விட்டார்கள். ஜூன் 8. நல்ல மனசுள்ள ஒரு நர்ஸ் செய்த வேலை. கெட்டவர்களிடம் இருந்து தப்பிக்கத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரே பையனுக்கு இரண்டே மாதத்தில் நாற்பத்தோரு சீட்டு, நாற்பத்தோரு நோய் என்று பதிவேட்டில் அவள் கவனித்திருக்கிறாள். பாவம், பிள்ளைக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து டாக்டரிடம் இழுத்துப்போயிருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, "பசியைத் தவிர ஒண்ணும் இல்ல, இவன் அம்மா எங்கே?" என்றாராம். நாலாம் வார்டு என்றானாம். நாலாம் வார்டில் போய்க் கட்டில் கட்டிலாகக் கேட்டிருக்கிறார்கள்.

நான் மூன்று நாள் தேடினேன். ஆஸ்பத்திரிக் காவலாளிதான் கடைசியில் காப்பகம் எங்கே என்று சொன்னார். போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேடம் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார். அவனைக் கூட்டிவரச் சொன்னார். தலையை மொட்டையடித்திருந்தார்கள். சட்டை முழங்கால் வரை தொங்கியது.

"இது யாருடா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"உன் அக்கான்னு சொல்றாளே?"

"எனக்கு அக்கா கிடையாது. அம்மா நாலாம் வார்டுல இருக்காங்க. இப்ப வந்துடுவாங்க."

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "டேய் குண்டூசி, போதும்டா. இப்ப நிஜத்தைச் சொல்லலாம். இவங்க நல்லவங்க. நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான் சித்தி. வாயின் ஒரு ஓரம் லேசாகத் துடித்தது. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பரீட்சையில் ஜெயிக்கும்போது அவன் முகம் அப்படித்தான் ஆகும். "நீங்க யாரு?" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பரீட்சையில் நான் அழுததே இல்லை. அதைப் பார்த்து ஒரு நிமிடம் தடுமாறினான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். மேடத்தைத் திரும்பிப் பார்த்து, "இவங்க ஏன் அழறாங்க?" என்று கேட்டான். இவங்க என்றான்.

"பாத்தியாம்மா?" என்றார் மேடம். "தினமும் யாராவது வந்து புள்ளையை என்னுதுன்னு கேக்கறாங்க. நான் எதை வச்சு நம்புறது?"

என்னிடம் காகிதம் இல்லை. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். பதிவேட்டில் அம்மா பேர் இருக்கிறது. அக்கா என்று ஒரு கட்டமே அதில் கிடையாது. சரி, அக்கா என்று நிரூபித்தாலும் எனக்குப் பதினாறு வயது, விலாசம் பஸ் நிலையம். விலாசம் இல்லாதவளுக்கு வேலை கொடுக்கிறார்கள், லாட்ஜ்காரர்களின் அழுக்கு விரிப்பைக் கொடுக்கிறார்கள், வரிசையில் இடம் கொடுக்கிறார்கள், தம்பியை மட்டும் கொடுக்க மாட்டார்களாம்.

வயதுவந்த உறவுக்காரர் ஒருத்தர், அடையாள அட்டையோடு ஜூலை 31க்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் யாருமற்ற பிள்ளை என்று எழுதி, கேட்கிற குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று என்னிடம் சொல்ல மாட்டார்கள்.

ஷூ அவன் போன மறுநாள் வந்தது. காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். நன்கொடை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். யார் காலுக்குப் போயிற்றோ.

உங்களுக்கு அட்டை இருக்கிறது. வயது இருக்கிறது. வாருங்கள் சித்தி. இரண்டு நாள் போதும்.

பெரியவள்


ஜூலை 6

கண்ணு,

நீ சாப்பிடுகிறாயா? அதை மட்டும் முதலில் கேட்கிறேன்.

நேற்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு சொன்னேன். அவள் கத்தவில்லை. "பொய் சொல்லித்தானே உள்ள வந்தே" என்றாள். அப்புறம், "பெரிய பொண்ணை வேணும்னா வரச் சொல்லு, பாத்திரத்துக்கு ஆள் தேவைப்படுது. சின்னவனை வச்சிக்கிட்டு என்ன பண்றது, அவன் எதுக்கு ஆவான்?" என்றாள்.

பாலை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் வருகிறேன். 27ஆம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். நீ படுக்கிற அந்தப் பஸ் நிலையத்திலேயே நில். இரண்டு பேரும் சேர்ந்தே காப்பகத்துக்குப் போவோம். குண்டூசிக்கு நான் சொன்னால் புரியும். சின்ன வயதில் என் மடியில்தானே கிடந்தான்.

தைரியமாக இரு.

சித்தி


ஆகஸ்ட் 1

சித்திக்கு,

உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கும் என்று மூன்று நாள் நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

27ஆம் தேதி காலையில் இருந்து நின்றேன். 28, 29 தேதிகளிலும் நின்றேன். கஞ்சி அக்கா, "எந்த மகாராணிடி வரப்போறா?" என்று கேட்டாள். எங்க சித்தி என்றேன். 31ஆம் தேதி சாயங்காலம் காப்பகத்து வாசலில் நின்றேன். ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்தினார்கள்.

அவனை யாருமற்றவன் என்று எழுதிவிட்டார்கள்.

பெரியவள்


ஆகஸ்ட் 16

என் கண்ணு,

நீ நல்லா இருக்க வேண்டும். நான் எப்படி இருந்தால் என்ன.

வர முடியாமல் போனதற்குக் காரணம் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்தபோதே என் அடையாள அட்டையை வீட்டம்மா வாங்கித் தன் பீரோவில் வைத்துவிட்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்றாள். 25ஆம் தேதி அவள் வெளியூர் போய்விட்டாள். அட்டை இல்லாமல் வந்து என்ன பயன்? அதோடு பெரியவருக்குக் கடுமையான காய்ச்சல், விட்டுவிட்டு நகர முடியவில்லை. அப்படியும் கிளம்பலாம் என்று பார்த்தால் அன்றைக்கு அந்தப் பஸ்ஸும் ஓடவில்லை.

கோபப்படாமல் பதில் எழுது. பிள்ளை அங்கேதானே இருக்கிறான்?

சித்தி


செப்டம்பர் 25

பெரியவளே,

ஒரு மாதமாக மருந்துக்கடையில் தினமும் கேட்கிறேன். கடைக்காரர், "உங்களுக்கு லெட்டர் வராத வியாதிக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா" என்கிறார். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. என்னைத் திட்டியாவது போடு.

அந்த மூன்று காரணங்களில் பெரியவரின் காய்ச்சல் ஒன்றுதான் நிஜம். அட்டை 26ஆம் தேதி என் கையில்தான் இருந்தது. சாவி வைக்கிற இடம் எனக்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கும் போனேன். பஸ் வந்தது. உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்துநாலு வயது. இந்த வேலை போனால் நானும் உன் பக்கத்தில் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் வந்து படுக்க வேண்டும். இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர். அப்படித்தான் நினைத்தேன். அதை நினைத்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. திரும்பி வந்து அட்டையைப் பீரோவிலேயே வைத்தேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய்.

சித்தி


அக்டோபர் 29

அன்புள்ள சித்திக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குண்டூசியும். இந்தத் தடவை இது பொய் இல்லை, முழு நிஜமும் இல்லை.

மூன்று காரணம் எழுதியிருந்த கடிதத்துக்குப் பதில் போடப் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். பஸ் போன கதையை எழுதிய கடிதத்துக்குத்தான் இது பதில்.

இந்த மாதம் 12ஆம் தேதி, நானும் இன்னொருத்தியும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். காப்பகத்து மேடம் வாசலில் வந்து நின்றார். கஞ்சி அக்கா முழு உடம்போடு திரும்பி, "யாரு வேணும்?" என்றாள். மேடம் என்னைக் கை காட்டினார்.

அன்றைக்குக் குண்டூசியைக் கொண்டுபோக ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருக்கிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள், வசதியானவர்கள். அந்த அம்மா அவன் தலையைத் தடவி, "இனிமே நான்தான் உனக்கு அம்மா" என்று சொன்னதற்குக்கூடத் தலையாட்டினானாம். கார்க் கதவைத் திறந்ததும்தான் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாசல் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறான். "எனக்கு அக்கா இருக்கா! சலவைக் கூடத்துல இருக்கா! பெட்ஷீட் மடிப்பா! போய்க் கேளுங்க!"

மேடம் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார். "ஒரே ஒரு தடவை கேக்கறேன், நிதானமா யோசிச்சுச் சொல்லு. அவனுக்கு அக்கா இருக்கான்னு எழுதினா அவங்க எடுத்துக்க மாட்டாங்க. ஒட்டு உறவு இல்லாத புள்ளைதான் வேணும்னுட்டாங்க. அங்க அவனுக்குத் தனி ரூம் இருக்கு, நல்ல ஸ்கூல் இருக்கு. உனக்கு விலாசம் இல்ல, உன்கூட அனுப்ப முடியாது. நீ ஆமான்னு சொன்னா, உனக்குப் பதினெட்டு ஆகுற வரைக்கும் எங்ககிட்டதான் இருப்பான். இல்ல, நான் யாரோன்னு சொன்னா இன்னைக்கே போயிடுவான். என்ன சொல்ற?"

விரிப்பின் இரண்டு முனை என் கையில், இரண்டு முனை எதிரில் இருந்தவள் கையில். நீராவிச் சத்தம்.

யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. "ஆமா, என் தம்பி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தனி அறையைப் பற்றி யோசித்தேன். இப்போதும் தினமும் யோசிக்கிறேன். அந்த வீட்டில் அவனுக்கு ஒரு மேஜை இருந்திருக்கும். நான் அவனுக்கு என்ன கொடுத்தேன்? ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வீடு வேண்டும் என்றால் அக்காவைக் கோடு போட்டு அடித்துவிடு என்கிறார்கள், அக்கா வேண்டும் என்றால் வீட்டை அடித்துவிடு என்கிறார்கள். உங்களிடம் வீட்டம்மா கேட்டதும் அதேதானே. கேட்கிறவர்கள் எல்லாரும் ஒன்பது அறை வைத்திருக்கிறார்கள். நான் செய்தது தப்பா என்று எழுத வேண்டாம். சரி என்றும் எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுகிறார்கள், ஒரு மணி நேரம். முதல் ஞாயிறு அவன் என் பக்கத்தில் வரவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "நான் தோத்துட்டேன், பேச மாட்டியா?" என்றான். வாடா என்றேன். வந்ததும் அடி விழும் என்று கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

போன ஞாயிறு, பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே திடீரென்று, "அம்மா நாலாம் வார்டுல இல்லன்னு எனக்கு முதல்லயே தெரியும்" என்றான்.

"எப்படா தெரியும்?"

"உள்ள போய்ப் பாத்தேன். அம்மா கட்டில்ல வேற ஒரு ஆயா படுத்திருந்துச்சு. நீ சொல்லச் சொன்னே, அதான் சொன்னேன்."

அத்தனை நாளும் தெரிந்துகொண்டே அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் அவனுக்குப் பரீட்சை வைத்தேன்.

கஞ்சி அக்கா மடிக்கும் அறையில் என்னைப் படுக்கவிடுகிறாள். கேட்டதற்கு, "நான் எதையும் பாக்கல, எனக்குக் கழுத்து திரும்பாது" என்றாள். பதினெட்டு வயதுக்கு எனக்கு இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது. அதற்குள் வாடகைக்கு ஒரு அறை பிடித்து, அதற்கு ஒரு ரசீது வாங்கிவிட்டால் விலாசம் என்று ஒத்துக்கொள்வார்களாம். மேடத்திடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு பிள்ளையைப் பார்க்க இரண்டு பேர் வரை உள்ளே விடுவார்கள். வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. பேர், உறவு, கையெழுத்து. அட்டை கேட்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் முதல் வரியில் எழுதுகிறேன், அக்கா என்று. காலியாகக் கிடக்கும் இரண்டாவது வரியைக் காவலாளி சாயங்காலம் கோடு போட்டு அடித்துவிடுகிறார்.

உங்கள் ஊர் பஸ் காலை ஆறு மணிக்கு இங்கே வருகிறது.

பெரியவள்